2 மைக்ரான் ஃபில்டர் போட்டால் டீசல் சுத்தமாகிவிடுமா? குளச்சல் போட்காரருக்கு ஒரு விரிவான பதில்

குளச்சலில் போட் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய எஞ்சினை இறக்கிவிட்டு காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) ஏற்றிய பிறகு, தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்க, போனால் பாதிக் கடலிலேயே ஃபில்டர் அடைக்கிறது. எஞ்சின் கொடுத்த இடத்தில் ‘டீசல் 18/16/13 சுத்தத்தில் இருக்க வேண்டும்’ என்கிறார்கள். 10 மைக்ரானுக்குப் பதில் 2 மைக்ரான் ஃபில்டர் (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போட்டால் அந்தச் சுத்தம் வந்துவிடுமா? இல்லை, பங்க் மேல் புகார் கொடுக்க வேண்டுமா? கேள்வி ஃபில்டரைப் பற்றித்தான். ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, தப்பு எங்கே இருக்கிறது, அடுத்த காசை எதில் போடுவது என்பதை. நான் பல வருடங்களாக டீசல் பம்பும் நாசிலும் பிரித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவன். உங்கள் போட்டை நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் டேங்கில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன், எதைப் பார்த்தால் உங்கள் விஷயம் தெரியும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த 18/16/13. இது ஐஎஸ்ஓ 4406 என்ற முறையில் எழுதும் குறி. ஹைட்ராலிக் ஆயிலுக்காக வந்த முறை, பிறகு டீசலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மில்லி லிட்டரில் 4 மைக்ரானுக்கு மேல் எத்தனை துகள், 6 மைக்ரானுக்கு மேல் எத்தனை, 14 மைக்ரானுக்கு மேல் எத்தனை என்று எண்ணி, அந்த மூன்று எண்ணிக்கையையும் மூன்று குறியாகச் சுருக்கியிருக்கிறார்கள். 18 என்றால் 1300-லிருந்து 2500 துகள் வரை. 16 என்றால் 320 முதல் 640. 13 என்றால் 40 முதல் 80. குறி ஒன்று ஏறினால் துகள் இரண்டு மடங்கு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 22/21/18 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், 18-க்கும் 22-க்கும் நாலுதானே வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் 4 மைக்ரான் கணக்கில் பதினாறு மடங்கு அழுக்கு, மற்ற இரண்டிலும் முப்பத்திரண்டு மடங்கு. அதேபோல 18 என்ற ‘சுத்தமான’ டீசலிலும் ஆயிரம் லிட்டருக்கு 250 கோடி துகள் வரை இருக்கலாம். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். 40 மைக்ரானுக்குக் கீழே வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டி, ‘பாருங்க, பளிச்சென்று இருக்கு’ என்றால் அதற்கு அர்த்தம் தண்ணீர் இல்லை, பெரிய குப்பை இல்லை என்பது மட்டுமே. எஞ்சினைக் கெடுக்கிற அளவில் என்ன இருக்கிறது என்று அந்தப் பாட்டில் சொல்லாது.

இப்போது பங்க் விஷயம். நம் நாட்டில் டீசலுக்கான தரம் ஐஎஸ் 1460. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்6 டீசல்தான். அந்தத் தரத்தில் மொத்த அழுக்கு கிலோவுக்கு 24 மில்லிகிராம் வரை, தண்ணீர் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை அனுமதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 லிட்டர் ஏற்றினால் சுமார் 2500 கிலோ. தரத்துக்கு உட்பட்டே அதில் 60 கிராம் அழுக்கும் அரை லிட்டர் தண்ணீரும் இருக்கலாம். அவ்வளவு இருக்கும் என்று சொல்லவில்லை, இருந்தாலும் சட்டப்படி அது நல்ல டீசல் என்கிறேன். இந்த 24 மில்லிகிராம் என்பது எடை. 18/16/13 என்பது எண்ணிக்கை. ஒன்றை இன்னொன்றாக மாற்ற வாய்ப்பாடு கிடையாது, ஏனென்றால் ஒரே ஒரு பெரிய துருச் செதிலின் எடைக்குப் பொடித் துகள் லட்சக்கணக்கில் இருக்கலாம். 18/16/13 என்பது வாகன, எஞ்சின் தயாரிப்பாளர்கள் கூட்டாக வெளியிடும் உலக எரிபொருள் சாசனத்தில் பரிந்துரைப்பது. எஞ்சின் கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டு தங்கள் கையேட்டில் எழுதுகின்றன. பங்க்காரருக்கு அந்தக் குறி கட்டாயம் இல்லை. ஆகவே ‘உன் டீசல் 18/16/13 இல்லை’ என்று புகார் கொடுத்தால் நிற்காது. அந்தச் சுத்தத்தைக் கொண்டுவரும் பொறுப்பை எஞ்சின் கம்பெனி உங்கள் தலையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நியாயமா என்று கேட்டால், எஞ்சின் விற்கும்போதே இதைச் சொல்லி, போட்டுக்கு ஏற்ற ஃபில்டர் அமைப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பங்கில் நீங்கள் கேட்டுப் பார்க்கக்கூடியது அடர்த்தி. ஜாரில் டீசல் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் விட்டு, 15 டிகிரிக்கு மாற்றி, லோடு வந்தபோது பதிந்த அடர்த்தியோடு ஒப்பிடுவார்கள். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்பட இடம் இருக்கிறது. ஆனால் அது கலப்படத்தைக் காட்டும் சோதனை. அழுக்கையோ நுண்துகளையோ காட்டாது.

‘பழைய எஞ்சின் இதே டீசலில் வருடக்கணக்காக ஓடியதே’ என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடியது உண்மை. பழைய மைக்கோ பம்பிலும் எலிமென்டுக்கும் (உள்ளே ஏறி இறங்கும் தண்டு) பேரலுக்கும் (அது ஓடும் உருளை) நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். ஆனால் அங்கே டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கிற அழுத்தம் 200 பார், 250 பார் என்ற அளவு (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). காமன் ரெயிலில் 1600 பார், 2000 பார் என்று போகிறது. அந்த அழுத்தத்தில் ஒரு கடினமான துகள் இன்ஜெக்டர் வால்வின் உட்காரும் இடத்தைக் கடக்கும்போது அந்த இடத்தை அரித்துக்கொண்டு போகும். ஒரு முறை அரித்த பாதையில் அடுத்த தடவை டீசலே ஒழுகும். ரிட்டர்ன் லைனில் டீசல் அதிகமாகத் திரும்பும், ரெயிலில் அழுத்தம் ஏறாது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். நான் பிரித்துப் பார்க்கும் இன்ஜெக்டர்களில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சீட்டில் மெல்லிய வாய்க்கால் போல ஒரு கோடு ஓடியிருக்கும். அதற்கப்புறம் அதைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை.

நம் ஊரில் இன்னொரு பேச்சு உண்டு: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் டீசலில் விழுந்துதான் பம்ப் போகிறது என்று. அந்த மணலில் கார்னெட், சிர்கான், இல்மனைட் எல்லாம் உண்டு. கார்னெட்டும் சிர்கானும் கெட்டியானவை, சாதாரண இரும்பைக் கீறக்கூடியவை. ஆனால் கையில் எடுத்துப் பார்க்க முடிகிற மணல் உங்கள் எதிரி இல்லை. அது கனமானது, டேங்க் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே வந்தாலும் முதல் ஃபில்டரிலேயே நிற்கும். பம்பைத் தின்பது 4 முதல் 14 மைக்ரான் வரையான பொடி. 18/16/13 என்ற மூன்று எண்களும் கணக்கெடுப்பது இந்த அளவுகளைச் சுற்றித்தான்.

சரி, 2 மைக்ரான் ஃபில்டர். பெட்டியில் எழுதியிருக்கும் மைக்ரான் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஃபில்டர் மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஒரே அளவு ஓட்டை உள்ளது அல்ல. நார் நாராகப் பின்னிய கனமான தாள். துகள் உள்ளே சிக்கிக்கொள்ளும், சிலது தப்பிக்கும். எத்தனை தப்பிக்கிறது என்பதைத்தான் பீட்டா எண் சொல்கிறது. உள்ளே போவது எத்தனை, வெளியே வருவது எத்தனை என்ற விகிதம் அது. பீட்டா 2 என்றால் பாதி துகள் தப்பிவிடுகிறது. பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் பிடிபடுகிறது. 200 என்றால் 99.5, ஆயிரம் என்றால் 99.9. ஆக இரண்டு பெட்டியிலும் ‘2 மைக்ரான்’ என்று எழுதியிருக்கலாம். ஒன்று பாதியை விடும், இன்னொன்று ஆயிரத்தில் ஒன்றைத்தான் விடும். நாமினல் என்று எழுதியிருந்தால் முதல் வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்சல்யூட் என்றால் எந்தப் பீட்டாவில் என்று கேளுங்கள். டீசல் ஃபில்டருக்கென்று ஐஎஸ்ஓ 19438 என்ற சோதனை முறை இருக்கிறது. அதன்படி எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம் என்று கடைக்காரர் காகிதம் காட்டினால் வாங்கலாம். பதில் இல்லையென்றால் அந்த விலைக்குறைவு ஃபில்டரை விட்டுவிட்டு எஞ்சின் கம்பெனி சொன்ன நம்பரையே வாங்குங்கள். அந்தச் சோதனை லேபில் நடப்பது, போட்டில் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். எஞ்சின் அதிர்வும், ஆக்ஸிலேட்டர் கூட்டிக் குறைக்கும்போது ஓட்டம் மாறுவதும் சேர்ந்தால், பிடித்து வைத்த துகளில் கொஞ்சத்தை ஃபில்டர் திரும்ப விட்டுவிடும்.

இன்னும் முக்கியம், அதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை இருப்பது சக்ஷன் பக்கம். அங்கே பம்ப் உறிஞ்சித்தான் டீசலைக் கொண்டுவர வேண்டும், உறிஞ்சும் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்த இடத்தில் கண்ணாடி பவுல் வைத்த வாட்டர் செப்பரேட்டரில் 30 அல்லது 10 மைக்ரான் எலிமென்ட் போதும். ரேக்கர் கம்பெனி வகையில் பார்த்திருப்பீர்கள்: 30 சிவப்பு, 10 நீலம், 2 பழுப்பு. பழுப்பைக் கொண்டுபோய் சக்ஷன் பக்கம் போட்டால் அது சீக்கிரம் அடைத்து, பம்ப் வெறியோடு இழுத்து, எங்கேயோ ஒரு கிளாம்ப் வழியாகக் காற்றை உறிஞ்சும். நடுக்கடலில் ஏர் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். உங்களுக்கு இப்போது 10 மைக்ரானே அடைக்கிறது என்றால், அதை 2 ஆக்கினால் இன்னும் சீக்கிரம் அடைக்கும், வேறொன்றும் நடக்காது. நுண்ணிய ஃபில்டரின் இடம் ஃபீட் பம்புக்கு அப்புறம், அழுத்தம் உள்ள பக்கத்தில். காமன் ரெயில் எஞ்சினில் அது கம்பெனியே வைத்துக் கொடுத்திருக்கும். செப்பரேட்டர் மேல் ஒரு வாக்குவம் கேஜ் மாட்டுங்கள். முள் மெல்ல ஏறுவதைப் பார்த்தே, அடைக்கும் முன் துறையில் வைத்தே மாற்றிவிடலாம்.

ஃபில்டர் அடைப்பது ஃபில்டரின் குற்றமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. அத்தனை அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. என் அனுபவத்தில், எஞ்சின் மாற்றியதும் அடைப்பு ஆரம்பிக்கிற போட்களில் பெரும்பாலும் டேங்க் பழையது. காமன் ரெயில் பம்ப் எரிப்பதை விட அதிகமாக டீசலை இழுத்து, மிச்சத்தைச் சூடாக டேங்குக்கே திருப்பி அனுப்பும். வருடக்கணக்காக அடியில் தூங்கிக்கொண்டிருந்த கசடை அந்தச் சுற்று எழுப்பிவிடும். எஞ்சினை மாற்றியவர்கள் டேங்கைத் திறந்து துடைத்தார்களா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இல்லை என்றே வரும்.

அடுத்தது தண்ணீர், கடலில் இதுதான் பெரிய விஷயம். டீசலில் தண்ணீர் கொஞ்சம் கரைந்தே இருக்கும். கிலோவுக்கு சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் வரை. டீசல் குளிர்ந்தால் கரைந்தது துளியாகப் பிரிந்து கீழே இறங்கும். பகலில் சூடாகி ராத்திரி குளிரும்போது டேங்க் மூச்சு வாங்கும், ஈரக்காற்று உள்ளே போகும். மேல்தளத்தில் டீசல் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் போயிருந்தால் அலை அடிக்கும்போது கடல் தண்ணீரே இறங்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பின் சோடியம், டீசலில் சேர்க்கப்பட்டிருக்கும் சில அமிலப் பொருட்களோடு சேர்ந்து சோப்பு போன்ற படிவாகி இன்ஜெக்டருக்குள் ஒட்டும். இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். மூடியையும், டேங்க் மூச்சு விடும் பிரீத்தர் குழாயின் வளைவையும் இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு விசேஷம்: சின்னமுட்டத்துக்கு கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. உங்களுடையது மழைக்காலத்தில் வருகிறது. பாதி டேங்க் டீசலோடு இரண்டு மாதம் மழையில் போட் கட்டிக்கிடந்தால், மேலே பாதி இடம் ஈரக்காற்று, அடியில் தண்ணீர். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். டீசலைத் தின்று வளரும் பூஞ்சைகள் உண்டு என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அது கொழகொழவென்று பாசி மாதிரி படரும், அமிலமும் விடும். ஆகஸ்டில் முதல் தங்கலில் ஃபில்டர் அடைப்பதாக வரும் போன்களுக்கு நான் முதலில் கேட்பது, ‘தடைக்கு முன்னாடி டேங்கில் எவ்வளவு இருந்தது?’ என்பதுதான். கழுத்து வரை நிரப்பி வைக்கலாம், அல்லது முழுக்க வடித்துத் துடைத்துக் காயவைக்கலாம். பாதியில் விடுவதுதான் மோசம். கையில் பணமும் டீசலைப் பத்திரமாகக் காக்க ஆளும் இல்லையென்றால் வடித்து வைப்பதே நல்லது.

கரையில் வைக்கும் பேரலிலும் இதே கதை. 200 லிட்டர் பேரலை நிமிர்த்தி வைத்தால் மேல் மூடியில் மழைத்தண்ணீர் குளமாக நிற்கும். பகல் வெயிலில் சூடான பேரல் ராத்திரி குளிரும்போது, மூடி இறுக்கமாக இருந்தாலும் திருகு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் இடதும் வலதுமாக இருக்கும்படி உருட்டி வையுங்கள். உள்ளே டீசல் மூடியை நனைத்துக்கொண்டிருக்கும், காற்று உறிஞ்சாது. ஜிங்க் பூசிய டேங்க், வாளி, குழாய் எதுவும் வேண்டாம். ஜிங்க் டீசலில் கரைந்து நாசில் முனையில் படிவாக வரும்.

உங்கள் போட்டில் எது காரணம் என்று தெரிந்துகொள்ள, அடுத்த முறை கழற்றும் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பாருங்கள். தாளை விரித்து வெள்ளைத் துணியில் வைத்து வெயிலில் பார்க்க வேண்டும். செம்பழுப்புப் பொடி என்றால் டேங்க் துரு. தாள் ஊறி அலை அலையாக உப்பியிருந்தால் தண்ணீர். பளபளவென்று பொடி மின்னினால் டேங்கை விட்டுவிட்டு முதலில் ஃபீட் பம்பையும் ரிட்டர்னையும் பாருங்கள், எங்கேயோ உலோகம் தேய்கிறது. கறுப்பாக இருந்தால் இரண்டு வாய்ப்பு: வழவழவென்று நூல் இழுத்து, புளித்த நாற்றம் அடித்தால் பூஞ்சையாக இருக்கலாம், தார் மாதிரி பூசிக்கொண்டால் டீசலே சூட்டில் முதிர்ந்து கெட்டியானதாக இருக்கலாம். இந்தக் கறுப்பை மட்டும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்வதில்லை. டேங்க் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, அளவுக்கம்பியின் முனையில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவி இறக்கினால் போதும்.

செய்ய வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது டேங்கைத் திறந்து கழுவுவது. அடியில் ஒரு குழியும் வடிக்க ஒரு வால்வும் இல்லையென்றால் அப்போதே வைத்துவிடுங்கள். அடுத்தது, டீசல் ஏற்றும்போதே ஒரு பம்ப், ஒரு பெரிய 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வழியாக ஏற்றுவது. எஞ்சினில் இருக்கும் சின்ன ஃபில்டரிடம் எல்லா வேலையையும் விடுவதைவிட இது மலிவு. ஏற்றியதும் கொஞ்ச நேரம் அடங்க விடுவதும் உதவும், ஆனால் எவ்வளவு என்று தெரிந்து வையுங்கள். அசையாத டேங்கில் 10 மைக்ரான் மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க, கணக்குப்படி ஏழு மணி நேரம். அதே அளவு தண்ணீர்த்துளிக்கு மூன்று நாள். 2 மைக்ரான் துகளுக்கு ஒரு வாரம். ஆடிக்கொண்டிருக்கும் போட்டில் அந்த ஒரு வாரமும் நடக்காது.

புது ஃபில்டர் மாட்டும்போது எல்லோரும் செய்கிற ஒன்றை நிறுத்துங்கள். ஏர் பிடிக்காமல் இருக்க, கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிறார்கள். நடுத்துளை வழியாக ஊற்றினால் அது ஃபில்டரின் சுத்தமான பக்கம். வடிகட்டாத டீசல் நேராக ஹை பிரஷர் பம்புக்குப் போகும். காலியாகவே மாட்டி, கை பிரைமரை அடித்து நிரப்புங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். டீசல் லைனில் காந்தம் மாட்டுவது இரும்புத் தூளைக் கொஞ்சம் பிடிக்கலாம். மணலையும் சிவப்புத் துருவையும் பெரிதாகத் தொடாது. தண்ணீரை ‘கரைத்துவிடும்’ என்று விற்கும் மருந்துகளை நான் வாங்கச் சொல்வதில்லை; தண்ணீரை நுண்துளியாக்கி டீசலோடு கலந்துவிட்டால் செப்பரேட்டர் அதைப் பிரிக்க முடியாமல் போகும். பூஞ்சைக்கொல்லி மருந்து வேலை செய்யும், ஆனால் செத்த பூஞ்சை முழுவதும் ஃபில்டருக்குத்தான் வரும். ஆகவே டேங்கைக் கழுவின பிறகுதான் மருந்து. பிஎஸ்6 டீசல் வந்ததால்தான் அடைக்கிறது என்ற பேச்சை நான் முழுதாக ஏற்கவில்லை. கந்தகம் 10 பிபிஎம்-க்குக் குறைந்தது, வழுவழுப்புக்காகச் சேர்ப்பவை கூடின, சில சேர்மானங்களால் தண்ணீர் பிரிவது கடினமாகும் என்பதும் சரி. அதற்காக இரண்டு மாதம் மழையில் கிடந்த டேங்கை மறந்துவிட்டு டீசலைத் திட்டுவது சரியில்லை.

லேபில் கொடுத்துத் துகள் எண்ணிப் பார்க்க வேண்டுமா என்றால், டேங்க் கழுவி, ஏற்றும் இடத்தில் ஃபில்டர் வைத்த பிறகு கொடுங்கள். அதற்கு முன்னால் கொடுத்தால் மோசம் என்று நமக்குத் தெரிந்ததையே காசு கொடுத்துக் கேட்பது. எஞ்சினுக்குப் போகும் லைனில், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு மாதிரி எடுங்கள். மாதிரி எடுக்கும் வால்வைத் திறந்து ஒரு லிட்டராவது ஓடவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமலே, லேப் கொடுத்த சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். பழைய குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம். கூடவே தண்ணீர் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணும் கருவிக்குத் தண்ணீர்த்துளியும் மணலும் ஒன்றுதான், இரண்டையும் துகள் என்றே எண்ணும். தண்ணீர் அளவு கையில் இருந்தால்தான், குறி 21, 22 என்று வந்தாலும் அது மண்ணா, தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க முடியும்.